கடைக்குப் போன முக்காலி

என்னை வேலைக்கு எடுத்தபோது முதலாளி சொன்னது, "நாளைலேர்ந்து வந்துடு." அவ்வளவுதான். காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை, கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. லேஸ், ரிப்பன், பொத்தான், சர்ச்சில் புதுநன்மை வாங்கும் சிறு பெண்களுக்கான வெள்ளை கவுன் எல்லாம் விற்கிற கடை அது. வருகிற பிரெஞ்சுக்கார மதாம்களோடு அவர்கள் பாஷையில் பேச ஆள் வேண்டியிருந்தது. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். முதலாளிக்குப் பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ண மட்டும் வரும்.

வாயால் வந்த வேலை வாயாலேயே வளர்ந்தது. முதலில் விற்பனை, பிறகு அலமாரிக் கண்ணாடி துடைப்பது, பிறகு கடை பெருக்குவது, ஒருமுறை அவர் வீட்டு விசேஷத்துக்கு உட்கார்ந்து பூ கட்டுவது வரை போயிற்று. லீவு கேட்டால், "அது பிரெஞ்சுக்காரன் சட்டம், அவன்தான் போயிட்டானே" என்பார். சரி, இந்தியாவில் லீவு உண்டாமே என்றால், "அந்தச் சட்டம் இன்னும் இங்க வரலியேம்மா" என்பார். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் எங்கள் முதலாளி சௌகரியமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கடையில் இருந்ததே அந்த ஒரு நாற்காலிதான். நானும் என்னோடு வேலை பார்த்த அக்காவும் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க நின்றோம். அக்கா புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள், சாரம் கிராமத்திலிருந்து நடந்தே வருவாள். விற்கிறவள் உட்கார்ந்தால் வாங்க வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவு என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு.

எனக்கு முதல் கரு நாலாம் மாசத்தில் கலைந்தது. நின்றதால்தான் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில், "அடுத்த தடவை இவ்ளோ நேரம் நிக்காதேம்மா" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த தடவையும் வந்தது. மூன்றாம் மாசம் முதலாளியிடம் போய், உட்கார ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். "முடியலன்னா வூட்ல இரு" என்றார். என் வீட்டுக்காரருக்கு அப்போது மில்லில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வீட்டில் இருந்தால் பட்டினி, கடையில் நின்றால் பிள்ளை போய்விடுமோ என்று பயம். எனக்குப் பிள்ளையும் வேண்டும், வேலையும் வேண்டும்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பினேன். தெருக் குழாயடியில் நின்றவள் ஒருத்தி, "என்னாம்மா, குடித்தனம் மாத்தறியா?" என்றாள். "ஆமா, கடைக்கே போயிடறேன்" என்றேன். கடையில் கவுண்டருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் என் தலையும் தோளும்தான் தெரியும். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் கடையில் இரண்டு மதாம்கள் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் முக்காலியை அங்கேயே விட்டுப் போனது என் தப்பு. மறுநாள் அது பின்கட்டில், மேலே நாலு பெயின்ட் டப்பாவைச் சுமந்துகொண்டு நின்றது. இறக்கித் துடைத்து எடுத்து வந்தேன். அன்றிலிருந்து தினம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினம் கொண்டுவந்தேன். "இந்த மானக்கேடு தேவையா? வுட்டுடு" என்றார் என் வீட்டுக்காரர். ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் சாயங்காலம் சைக்கிளோடு கடை வாசலில் நின்று, முக்காலியை வாங்கி கேரியரில் கட்டினார்.

ஐந்தாம் மாசம் முதலாளிக்குப் பொறுமை போயிற்று. ரிப்பன் வாங்க வந்த ஒரு மதாம் எதிரிலேயே, "முக்காலியா, வேலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று கத்தினார்.

"வேலையை வுட்டு நிறுத்திட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இப்பவே போறேன்" என்றேன்.

"எழுதறதா? உன்ன வேலைக்கு வெச்சதே எழுத்துல இல்லியே!"

"அதான் கேக்கறேன். நிறுத்தினேன்னு எழுதினா, இத்தனை நாள் இங்க வேலை பாத்தேன்னு அதுலயே வந்துடும் இல்ல? உக்காந்ததுக்காக நிறுத்தினேன்னும் சேத்து எழுதுங்க."

பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார், திரும்ப மூடியைப் போட்டார். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே மதாமுக்கு ரிப்பனை அளந்து வெட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் முக்காலி பற்றிப் பேசவில்லை. அக்காவை நான் பலமுறை கூப்பிட்டேன், கொஞ்ச நேரம் உட்கார் என்று. "ஏண்டி, எனக்கு மூணு வாயி இருக்குடி" என்பாள். ஒரே ஒரு நாள், முதலாளி சாப்பிடப் போன நேரம் உட்கார்ந்தாள். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. நாலு நாள் சரியாகப் பேசவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்காவது வாரத்தில் மூன்று நாள் சம்பாதிக்கிற புருஷன் இருந்தார்.

ஒன்பதாம் மாசம் வரை உட்கார்ந்தே வேலை பார்த்தேன். பெண் பிறந்தாள், நல்ல கனம். மூன்று மாசம் கழித்து அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்றேன்.

"எந்த வேலைக்கு? உனக்கு இங்க வேலைன்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் முதலாளி. யோசித்து வைத்திருந்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவுண்டருக்குப் பின்னால் பார்த்தேன். லேஸ் வருகிற மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அக்கா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முதலாளி அவள் பக்கம் திரும்பி, "என்னா பாத்துக்கினு இருக்கே? எழுந்து அந்தக் கவுனை எடுத்து மடி!" என்று அதட்டினார்.

அக்கா கையை நீட்டி கவுனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "மடிக்கறேன் முதலாளி" என்றாள். எழுந்திருக்கவில்லை.