கரண்டு மேல் போட்ட பழி

அந்த ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூடியில் விரலை வைத்தால் சுருசுருவென்று ஒரு நடுக்கம் ஏறும். ஷாக் என்று சொல்ல முடியாது… எறும்பு ஊர்கிற மாதிரி. பாட்டு ஓடாத நேரத்திலும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். பரளச்சி கிராமத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்த முனகலோடுதான் ஒரு கோடை முழுக்கக் குடும்பம் நடத்தினேன்.

நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், வீட்டு ஸ்டீரியோவுக்குக் கரண்டைச் சுத்தம் பண்ணித் தரும் பவர் கண்டிஷனர் வாங்கினால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருந்தார். ஆளுக்கொரு பதில் போட்டிருந்தீர்கள். எனக்குப் பதில் எழுத வரவில்லை. என் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது…

மஸ்கட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி போக மாட்டேன் என்று அவர் திரும்பி வந்த நேரம் அது. மற்றவர்கள் டிவி கொண்டுவருவார்கள். இவர் ஸ்டீரியோ கொண்டுவந்தார். பல்லவிக்கு முன்னால் பாடகி மூச்சை உள்ளே இழுப்பதுகூட அங்கே கேட்குமாம். அதை எனக்குக் கேட்கவைக்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

இங்கே முதல் பாட்டே முடியவில்லை. சாயங்காலம் பக்கத்துத் தெரு மாவு மில் ஓட ஆரம்பித்ததும் லைட்டு மங்கியது, ஆம்ப்ளிஃபயர் ‘டொக்’கென்று நின்றுபோனது. எழுந்து வாசலுக்குப் போனார். டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார். உள்ளே வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

அன்று முதல் அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

அருப்புக்கோட்டைக்குப் போய் ஸ்டெபிலைசர் வாங்கிவந்தார். பாட்டு நடுவில் நிற்பது நின்றது. ஆனால் முனகல் போகவில்லை. கரிசல் காய்ந்து வெடித்துக் கிடந்ததில் எர்த்து வேலை செய்யவில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். கொல்லையில் ஆழமாகத் தோண்டி, உப்பும் கரியும் போட்டு, தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். முனகலும் அடங்கியது. மூடியைத் தொட்டால் எறும்பும் ஊரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம்… அவரால் முடியவில்லை.

“ஏதோ குறையுது மெர்சி. கரண்டு சுத்தமா இல்ல,” என்பார்.

இதற்கிடையே அருப்புக்கோட்டையில் தறி ஷெட் வைத்திருக்கும் என் அண்ணன், மேற்பார்வைக்கு ஆள் வேண்டும், வாங்க மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இதைச் சரி பண்ணிட்டு வாரேன் என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கோயிலுக்குப் போனால், எப்ப ரிட்டர்ன் என்று கேட்காதவர்கள் இல்லை. அண்ணன் வேறு ஆளைப் பார்த்துவிடுவாரோ, இவர் மறுபடி விமானம் ஏறிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

கடைசியில் மதுரையில் சொல்லிவைத்து ஒரு பவர் கண்டிஷனர் வரவழைத்தார். காரியாபட்டி வழியாக பஸ்ஸில், அந்தக் கனத்த பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மாட்டினார். பாட்டைப் போட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

நல்லாயிருக்கு என்றேன். எனக்காகச் சொல்லாதே என்றார். உண்மையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னார். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். நான் ஒவ்வொரு தடவையும் கண்டிஷனர் வழியாகவோ, அது இல்லாமலோ பிளக்கைச் செருகி, அதே பாட்டை ஓடவிட வேண்டும். எது எதுவென்று அவர் சொல்வார்.

ஒரு மதியம் முழுக்க அதைச் செய்தோம். சிலது சரி, சிலது தப்பு. குருட்டாம்போக்கில் சொன்னால் எப்படியோ அப்படி. “இப்பத்தான் அந்த மூச்சு தெளிவாக் கேக்குது, இது கண்டிஷனர்,” என்று அடித்துச் சொன்ன தடவை, கண்டிஷனர் ஓரமாகச் சும்மா கிடந்தது.

“நெசமாவா?” என்றார்.

“நெசந்தாங்க.”

பாட்டை நிறுத்தச் சொன்னார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“அங்க ரூம்ல எந்நேரமும் ஏசி இரைச்சல். ஆளாளுக்குப் பேசிட்டிருப்பாங்க. அதுக்குள்ள இந்தப் பாட்டக் கேட்டா ஊரு அப்படியே கண்ணு முன்னாடி வந்து நிக்கும் மெர்சி. நீ, பிள்ளைக, இந்தத் தெரு… எல்லாம். இங்க வந்து கேட்டா ஒண்ணும் வரல. கரண்டுதான் சரியில்லன்னு நெனச்சுட்டேன்.”

“திரும்பிப் போகணும்னு இருக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“தெரியல,” என்றார். பிறகு, “போனா மட்டும் என்ன… அங்கயும் உக்கார முடியாது,” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குச் சட்டையை அயர்ன் பண்ணச் சொன்னார். தறிச் சத்தத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, முதல் சில வாரம் பாட்டே போடவில்லை. அப்புறம் ஒரு நாள் போட்டார். கேட்டபடியே தூங்கிப்போனார்! கண்டிஷனரை அண்ணன் ஷெட்டில் கம்ப்யூட்டருக்கு மாட்டிக்கொண்டார்.

அதனால் குரூப்பில் கேட்டவருக்கு என் பதில்: வோல்டேஜ் ஆடினால் ஸ்டெபிலைசர் வாங்குங்கள், எர்த்தைப் பாருங்கள். அதற்கு மேல் வாங்குமுன் கண்ணை மூடி ஒரு தடவை கேட்டுப்பாருங்கள்.

இப்போது ஊரில் புது டிரான்ஸ்பார்மர். லைட்டு மங்குவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அவர் பாட்டுப் போட்டால், கடைசி வரைக்கும் அசையாமல் கேட்கிறார். நடுவில் எழுந்து வாசலுக்குப் போவது நான்தான்… எங்கள் மூத்த மகன் போன மாதம் துபாய்க்கு வேலைக்குப் போனான். நேற்று போனில், பாட்டெல்லாம் கேக்குறியாப்பா என்றேன்.

“எப்பவாச்சும் கேப்பேம்மா,” என்றான். எந்தப் பாட்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.