தட்சிணாமூர்த்தி காத்த சொத்து

தட்சிணாமூர்த்தி பழைய பனியன் துணியால் சக்கர நாற்காலியின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் உட்காராத நாற்காலி. ஆறு வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இதே துடைப்புதான்.

பத்திர ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெரியம்மா எண்பத்திரண்டு வயதில் சாகும்போது, மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டு வீட்டை நாதியற்றுப் படுக்கையில் கிடக்கும் பெண்களுக்கென்று எழுதிவைத்து, இவரை டிரஸ்டியாகப் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு இடுப்பில் ஏறிய சாவிக்கொத்து இன்னும் இறங்கவில்லை.

நாற்காலி இருந்த சாமான் அறையில் நன்கொடையாக வந்த தண்ணீர்ப் படுக்கை ஒன்றும் இருந்தது, வந்த உறை பிரிக்காமல். விருந்தாளி வந்தால் அறையைத் திறந்து காட்டுவார், காட்டிவிட்டுப் பூட்டுவார்.

நர்ஸ் ஹில்டா வாசலில் வந்து நின்றாள்.

"சார், கிளியம்மாளுக்கு முதுகுப் புண்ணு ஆழமாயிடுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட்டும் பத்தலை. அந்த வாட்டர் பெட்டைக் குடுங்க. இன்னும் விட்டா எலும்பு தெரியும்."

"குடுத்தா கிழிச்சிடுவீங்கம்மா. டிரஸ்டின்னா யாரு? சொத்தைக் கட்டிக் காக்கறவன். ஆறு வருஷத்துல ஒரு கீறல் உண்டா, பாருங்க."

"கீறல் எல்லாம் கிளியம்மா முதுகுலதான் கீது சார்," என்றாள் பின்னாலிருந்து ஆயா சரசு.

ஹில்டா அவரைக் கையோடு கிளியம்மாளிடம் அழைத்துப்போய், முதுகுக் கட்டைப் பிரித்துக் காட்டினாள். எலுமிச்சம்பழம் அடங்கும் குழி. தட்சிணாமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"இது போன மாசம் எடுத்த பெட்ஷீட்டாச்சே! கறை போகுமா?"

இருபது வருஷமாகச் சீழ் துடைத்தவள் ஹில்டா. சீழைக் கண்டு முகம் சுளித்ததில்லை. இப்போது சுளித்தாள்.

"கமிட்டியில பேசி முடிவு பண்றேன்," என்று அவர் கிளம்பினார். கமிட்டி என்பது அவரும் அவர் மச்சானும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சரசு, பங்க்சர் கடை பொன்னுரங்கத்தைக் கூட்டிவந்தாள். அவர் பூட்டைத் தொடவில்லை. தாழ்ப்பாளின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார், கதவு திறந்தது. படுக்கையை விரித்தால், மடிப்புக்கு மடிப்பு ரப்பர் வெடித்திருந்தது.

"மட்ச்சி வச்சே நாசம் பண்ணிக்கீறாரே இந்தாளு," என்ற பொன்னுரங்கம், சைக்கிள் டியூபை வெட்டி, சொல்யூஷன் தடவி, ஐந்து இடத்தில் ஒட்டினார். அது காய்ந்ததும் படுக்கையைக் கிளியம்மாளுக்குப் பக்கத்துக் கட்டிலில் விரித்து, சரசு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். சொட்டவில்லை.

பத்து மணிக்குப் பேப்பர் படிக்க வந்த தட்சிணாமூர்த்தி கதவைப் பார்த்து அலறினார். "ஸ்க்ரூ எங்கே? டிரஸ்ட் சாமான்!" உடனே குனிந்து தரையெல்லாம் தேடத் தொடங்கினார்.

ஹில்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் சரசுவும் ஷீட்டின் முனைகளைப் பிடித்துக் கிளியம்மாளைத் தூக்கி, தண்ணீரின் மேல் இறக்கினார்கள்.

"ஜில்லுனு கீதும்மா," என்றாள் கிளியம்மாள்.

ஹில்டா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, புதுக் கட்டுப் போட உட்கார்ந்தாள்.