இடவலம் மாறிய படம்

அண்ணனின் படம் வந்த பக்கத்தைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டவள் அம்மா. அவளுக்குச் சங்கீதமும் தெரியாது, இசைப் பத்திரிகையும் தெரியாது. தாராவியில் எங்கள் வீட்டுக்குள் பகலிலும் விளக்குப் போட வேண்டும் என்பதால், வாசலில் வந்து நின்று பக்கத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, இவன் மச்சம் அந்தக் கன்னத்துலல்லா இருக்கும்? இங்ஙன எப்படி வந்துச்சு?" என்றாள். நான் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்று காலைதான் ரயிலை விட்டு இறங்கியிருந்தேன். வாங்கிப் பார்த்தேன். அண்ணன் மிருதங்கத்தின் மேல் குனிந்து, தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். மச்சம் மட்டுமல்ல, தலை வகிடும் இடம் மாறியிருந்தது. அதெல்லாம் போகட்டும், கையே மாறியிருந்தது. என் அண்ணன் இடது கைக்காரன். படத்தில் இருந்தவன் வலது கையால் வாசித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பத்திரிகையில் பக்கம் அமைக்கிற வேலை என்னுடையது. மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், கீழே இருக்கும் ஹோட்டலின் சாம்பார் வாசனையோடு மாதாமாதம் தயாராகும் கர்நாடக இசைப் பத்திரிகை. அதன் ஆசிரியரை எல்லோரும் எடிட்டர் மாமா என்பார்கள். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், பக்க அமைப்பு விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதக்காரர். பாடுகிறவர் படத்துக்கு இரண்டு பத்தி அகலம். வயலினுக்கு ஒரு பத்தி. மிருதங்கத்துக்குத் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிதாக ஓர் இடம். கடம் வாசிப்பவருக்குப் படமே கிடையாது, பெயர் வந்தால் போதும் என்று அவர் சந்தோஷப்பட வேண்டும். ராகத்தின் பெயர் தடித்த எழுத்தில் வரும், வாசித்தவரின் பெயர் சாதாரண எழுத்தில் வரும். படத்தில் இருக்கும் முகம் எப்போதும் கட்டுரையைப் பார்த்திருக்க வேண்டும், பக்கத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது. "வெளில பாத்தா வாசகனும் வெளில போயிடுவான்மா" என்பார் மாமா. நான் அங்கே சேர்ந்த புதிதில் இதையெல்லாம் கேட்டுச் சிரித்திருக்கிறேன். மேடையில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதைத்தான் நாங்கள் பத்தி அளவில் வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பிறகு புரிந்தது.

இடது கையால் மிருதங்கம் வாசிப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மிருதங்கத்தில் கறுப்புச் சாந்து வைத்த முகத்துக்கு வலந்தலை என்று பெயர். பெயரிலேயே வலது இருக்கிறது. அந்த முகம் சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், வயலின் இடப்பக்கம். என் அண்ணனுக்கோ வலந்தலை இடது கையில் இருந்தது. அவன் உட்கார வேண்டுமானால் வயலின்காரர் எழுந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும், மைக் மாற வேண்டும். வருகிற வயலின்காரர்கள் எல்லாம் "அந்தப் பக்கம் ஒக்காந்தா கை வராது" என்று முகம் சுளிப்பார்கள். வீட்டில் யாரும் அண்ணனின் கையைத் திருத்தவில்லை. அப்பா தையல் பட்டறையிலிருந்து வந்து படுக்கவே நேரம் சரியாக இருந்தது, பிள்ளை எந்தக் கையால் எதைத் தட்டுகிறான் என்று பார்க்க அவருக்கு ஏது பொழுது? அதனால்தான் அந்தக் கை அவ்வளவு சுதந்திரமாக வளர்ந்தது என்று நான் நினைப்பதுண்டு. வாசித்தான் என்றால் தகரக் கூரை அதிரும். எங்கள் சந்தில் நடந்து போகிறவர்களின் நடையே தாளத்துக்கு மாறிவிடும். அப்படி ஒரு வாசிப்பை நான் அப்புறம் கேட்கவே இல்லை.

சந்தில் கேட்டு என்ன பயன்? இடம் மாற யாரும் தயாராக இல்லாததால் மேடை கிடைக்கவில்லை. மாட்டுங்காவில் இளம் கலைஞர்களுக்கு நடந்த ஒரு போட்டியில் மட்டும் தனியாக வாசித்துப் பரிசு வாங்கினான். அந்தப் படம்தான் பத்திரிகைக்கு வந்திருந்தது. நான் ஊரில் இருந்த அந்த வாரம், எடிட்டர் மாமாவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். வலந்தலை வாசிப்பவனின் இடது கைப் பக்கம் இருக்கிறது. போட்டோக்காரன் படத்தை இடவலம் மாற்றி அனுப்பிவிட்டான் என்று முடிவு கட்டி, கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தையான படத்தைத் திருப்புவதைச் செய்துவிட்டார். வேறு ஏதாவது பத்திரிகையாக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அங்கே மிருதங்கத்தின் எந்த முகம் எங்கே இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஆளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வினை.

மறுநாள் நான் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் வெலவெலத்துப் போனார். "ஐயையோ, நன்னாப் பாத்துத்தானேம்மா திருப்பினேன். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடறேன்" என்றார். திருத்தத்துக்கும் எங்களிடம் ஓர் இடம் உண்டு. கடைசிப் பக்கத்தில், சபாக்களின் மாத நிகழ்ச்சிகளுக்குக் கீழே, இருப்பதிலேயே சின்ன எழுத்தில் ஒரு கட்டம். அதை நான் அமைத்தும் வைத்துவிட்டேன். அதற்குள் செம்பூரிலிருந்து ஒரு சபாவின் செயலாளர் போன் செய்தார். சென்னையிலிருந்து ஒரு பெரிய பாடகி பாட வருகிறார், அவருடைய மிருதங்கக்காரரால் வர முடியவில்லை, உங்கள் பத்திரிகையில் படம் பார்த்தோம், பரிசு வாங்கிய அந்தப் பையன் வருவானா என்று கேட்டார்.

அன்று மாலை அண்ணன் மாடியேறி வந்தான். மாமாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, "சார், திருத்தம் போடாதீங்க. போட்டா கூப்பிட மாட்டாங்க" என்றான். மாமா என்னைப் பார்த்து, அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். மேடையில் போய் உட்கார்ந்த பிறகு இடம் மாறச் சொல்லுவான், வாக்குவாதம் நடக்கும், எப்படியோ சமாளிப்பான் என்றுதான் நான் நினைத்தேன். வெளியே வந்து படியிறங்கும்போது, "டென்ஷன் எடுக்காதட்டி. இன்னும் மூணு மாசம் கெடக்கு. நான் கைய மாத்திக்கிடுதேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சிரித்தேன்.

அவன் விளையாடவில்லை. மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதல் பாடத்திலிருந்து தொடங்கினான். பக்கத்துப் பட்டறையில் பட்டன் தைக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஒங்க அண்ணன் யாருக்கும் புதுசா சொல்லிக் குடுக்கானா? பாவம், அந்தப் பிள்ளைக்குக் கையே வரலியே" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் புதிய பிள்ளைக்குக் கை வந்தது. மிருதங்கச் சொற்கள் சுத்தமாக விழுந்தன, தாளத்தின் காலப்பிரமாணம் பிசகாமல் நின்றது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவன் அனுமதி கேட்பதுபோல எனக்குத் தோன்றியது. அவ்வளவு வேகமாக வளைந்து ஓடிய கை, இப்போது தொப்பியில், அதாவது எதிர் முகத்தில், சும்மா ஒத்து ஊதிக்கொண்டிருந்தது.

கச்சேரி நன்றாகவே நடந்தது. அதுதான் கொடுமை. ஏதாவது தப்பு நடந்து, தாளம் விழுந்து, அவன் எழுந்து ஓடி வந்திருந்தால் எல்லாம் அன்றோடு தீர்ந்திருக்கும், பழைய கைக்கே திரும்பியிருப்பான். அவன் பாடகியின் வலப்பக்கம், உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, வாசிக்க வேண்டியதை வாசித்தான். மிருதங்கத்துக்கென்று விடும் தனி ஆவர்த்தனம் சின்னதாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த எடிட்டர் மாமா கடைசி வரை தலையைத் தூக்கவில்லை. பாடகி மட்டும் இறங்கி வரும்போது, "இடைஞ்சலே பண்ணாம வாசிச்சேப்பா, ரொம்ப சௌக்கியமா இருந்தது" என்றார். அண்ணன் கைகூப்பினான். அவன் முகத்தில் நான் பார்த்தது சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன்.

விமர்சனத்தை மாமா எழுதினார், பக்கத்தை நான் அமைத்தேன். எங்கள் வழக்கப்படி கடைசிப் பத்தியின் கடைசி வரி மிருதங்கத்துக்கு. "அடக்கமான வாசிப்பு" என்று இருந்தது. இசை விமர்சனம் படித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். வாசித்ததே தெரியவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் சொல் அது. மாமா பொய் எழுதவில்லை. ஆனால் சபாக்காரர்களுக்கு அதைவிட இனிக்கிற சொல் வேறு கிடையாது. பாண்டுப்பில் ஒன்று, நெருளில் ஒன்று என்று அடக்கமான மிருதங்கத்துக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. நாட்டிய வகுப்புகள், அரங்கேற்றங்கள், கல்யாண வரவேற்புகள். யாரும் இடம் மாற வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் தாங்க முடியாமல், "போதும்ண்ணே, பழைய கைக்குப் போயிரு" என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு அந்தப் படத்துல இருக்கவன்தாட்டி. இனிமே நான் போயி நின்னா, நீ யாருலேன்னு கேப்பானுவ" என்றான்.

எடிட்டர் மாமா இப்போது இல்லை. பத்திரிகை அச்சாவது நின்று, செல்போனில் வருகிறது. எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்தாலும் அதில் கேட்பாரில்லை. நான் ஒரு மருத்துவமனைக்கு விளம்பரப் பக்கங்கள் செய்து பிழைக்கிறேன். அண்ணன் கல்யாணமாகி நெருளில் இருக்கிறான். அவன் இடது கைக்காரன் என்பது அண்ணிக்கே தெரியாது என்பதைப் போன மாதம்தான் அறிந்தேன். அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம். நடக்கப் பழகிய கையோடு அவர்களின் மகள் சமையலறையிலிருந்து ஒரு டப்பாவை இழுத்து வந்து, கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். இடது கையால். சும்மா தட்டல் இல்லை, அதில் ஒரு ஓட்டம் இருந்தது. "பாத்தியளா, அப்படியே அப்பா மாதிரி" என்று அண்ணி சிரித்தாள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் எழுந்து போய்க் குழந்தையின் அருகில் மண்டியிட்டான். எதையோ வெகுநாள் கழித்துக் கேட்டவனைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஒருகணம் எனக்கு நம்பிக்கைகூட வந்தது. பிறகு டப்பாவை மெதுவாக நகர்த்தி அவளுடைய மறுபக்கம் வைத்தான். இடது கையைப் பிடித்து மடியில் இறக்கிவிட்டு, வலது கையை எடுத்து டப்பாவின் மேல் வைத்தான்.

"இந்தக் கை தாயி, இந்தக் கை" என்றான்.

குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு அந்தக் கையால் ஒருதரம், இன்னொருதரம், தயங்கித் தயங்கித் தட்டியது.

"அப்படித்தான்" என்றான் அண்ணன்.