வளைவுகளில் நடந்த பரீட்சை

போன வாரம் மலைக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவள் அசையவில்லை. முன்னால் யாரோ எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்தார்கள். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு ஊறுகாய் ஞாபகம் வரும், கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அக்கா ஞாபகம்தான் வரும்.

மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் எங்களுக்கு இருந்தது கொஞ்சம் மரவள்ளிக் காடும் சில பலாமரங்களும். அக்கா பள்ளியில் தாமதமாகச் சேர்ந்ததால் இருவரும் ஒரே வகுப்பு. கணக்கை அவள் போடுவாள். நான் பார்த்து எழுதுவேன், அதிலும் தப்பு வரும்.

"படிச்சா அடுத்தவங்க காட்டுக்குக் களையெடுக்கப் போவ வேண்டாம்டா" என்பாள். எனக்கு அந்த லட்சியமும் கிடையாது.

பன்னிரண்டாம் வகுப்பில் இருவரும் தேறினோம். ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்றார் அப்பா. விடுதிக்கு வசதியில்லை, தினமும் கீழே போய்வர வேண்டும். முந்தின வருடம் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாரம் பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு, படிப்பே வேண்டாமென்று வந்துவிட்டான். கட்டிய பணம் போனது போனதுதான். அதனால் அப்பா மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றினார். வாந்தி எடுக்காத பிள்ளைக்குக் கல்லூரி.

விஷயத்தைக் கேட்ட கண்டக்டர் சிரித்தார். "ஏனுங்க, பரீட்சையெல்லாம் பள்ளிக்கூடத்துலயே முடிஞ்சிருச்சுன்னு நெனச்சனுங்க."

"இதாங்க பெரிய பரீட்சை" என்றார் அப்பா.

அக்கா காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எலுமிச்சையை மூக்கோடு அழுத்தி, உதட்டைக் கடித்தபடி வந்தாள். நான் தூங்கிவிட்டேன். தூங்கியே முதலிடம் பெற்றவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விழித்தபோது அடிவாரம் தெரிந்தது; அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தாள். வெறும் வயிறு, பித்தம்தான் வந்தது.

அப்பா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். "படிப்பு உனக்கு ஒத்துக்காது கண்ணு."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொருக்கா ஏறி எறங்கிப் பாக்கலாங்கப்பா."



நான் பட்டம் வாங்கி, நான் இல்லாவிட்டாலும் நடக்கிற ஓர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். அக்காவை அதே மலையில் குண்டனி நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். பலாப்பழ மூட்டையோடு வாரச் சந்தைக்கு அவள்தான் கீழே போய்வந்தாள். கல்யாணத்துக்கு அடுத்த பொங்கலுக்கு வந்தவள், எங்களுக்குச் சோறு போட்டபடி சாதாரணமாகச் சொன்னாள்:

"இப்பல்லாம் பஸ்ஸு எனக்கு ஒண்ணும் பண்றதில்லீங்கப்பா. நாலு வாட்டி போனதுமே வாந்தி நின்னுபோச்சு."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்றாள் அக்கா.