ஆம்பூர்த் திருகாணி

முனிரத்தினம் வேலை செய்யும் பட்டறை ஆம்பூர் கடைத்தெருவில், ஒரு நகைக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு ஆறு பேர் மேலே ஏறுவார்கள். செல்போன்களைக் கதவருகே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டு, பாக்கெட் இல்லாத பட்டறைச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். மேனேஜர் நிசார் அஹமது கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, கீழே கடையில் உட்கார்ந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, சாயந்திரம் ஏழு மணிக்கு ஒரு தடவை அந்தப் பூட்டு திறக்கும். தங்கம் புழங்குகிற இடம், வேறு எப்படி இருக்கும் என்று இருபது வருஷமாக முனிரத்தினம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பத்தாவது முடித்த கையோடு வேலூரில் ஒரு வெள்ளிப் பட்டறையில் சேர்ந்தவர். கொலுசு, மெட்டி என்று தொடங்கி, கல்யாணமான வருஷம் தங்கத்துக்கு மாறி ஆம்பூருக்கு வந்தார். வீடு குடியாத்தத்தில். மனைவி பாரதி ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். ஒரே மகள் நிஷா. காலையில் பாரதியைக் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போகும். அவர் பஸ் பிடிப்பார். ஜிமிக்கி, அட்டிகை, கல் வைத்த தோடு, எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்வார். அவர் கையிலிருந்து போன நகை யார் உடம்பில் ஏறியது என்று அவருக்குத் தெரியாது. வாங்கியவர்களுக்கும் கடையின் பெயர்தான் தெரியும்.

கொரோனா ஊரடங்கில் பட்டறை மூடிக் கிடந்தபோதுதான் அவர் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தார். கோயம்புத்தூரில் வெள்ளி நகை செய்யும் பூங்குழலி என்ற பெண் நடத்தியது அது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நாற்பது, ஐம்பது பேர் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றுகூடுவார்கள். நகாசு வேலைக்காரர்கள், பித்தளை விளக்குச் செய்கிறவர்கள், காலேஜில் நகை டிசைன் படிக்கிறவர்கள், ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோக்காகச் செம்பு தட்டப் பழகும் ஒரு தாசில்தார் என்று எல்லா வகை ஆட்களும் இருந்தார்கள். ஒருவர் தான் செய்ததைக் காட்டுவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பற்றவைக்கும் பொடி ஏன் உருகி ஓடவில்லை, வெள்ளி ஏன் கறுத்தது, எந்த அரம் நல்லது என்று பேச்சு சாயந்திரம்வரை போகும்.

முனிரத்தினம் கேமராவை அணைத்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு எழுத்து, 'மு'. பட்டறை மறுபடி திறந்த பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை. மூன்று வருஷம் அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பட்டறை வேலையைப் படம் எடுக்கக்கூடாது, வெளியே காட்டக்கூடாது என்று முதலாளி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுங்களேன். அவங்க இன்னா கடிச்சா துன்னுவாங்க?" என்று பாரதி கேட்பாள்.

"கேட்டாலே போதும்," என்பார்.

அவர் வாயைத் திறக்க வைத்தது ஒரு திருகாணி.

அதற்கு முந்தின வருஷம் பாரதியின் கம்மல் ஒன்று கம்பெனியில் விழுந்துபோயிருந்தது. தையல் மெஷினில் நாளெல்லாம் குனிந்தே இருக்கும் பெண்களுக்கு இது புதிதல்ல. வியர்வையைத் தோளில் துடைக்கும்போது காதுக்குப் பின்னால் திருகாணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவரும். ஒருநாள் கம்மல் இருக்காது. அன்றைக்குப் பாரதியும் அவள் லைனில் இருந்த ஜாஸ்மினும் தோல் துண்டுகள் போடும் தொட்டி முழுவதையும் தரையில் கொட்டித் தேடினார்கள். கிடைக்கவில்லை. அம்மா வீட்டில் போட்ட கம்மல். பாரதி அழவில்லை, வீட்டுக்கு வந்து மற்றொன்றையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு இரண்டு காதிலும் ஈர்க்குச்சி செருகிக்கொண்டாள்.

முனிரத்தினம் ஐந்து வாரம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வீட்டில், தன்னுடைய சொந்தக் குறட்டையும் ரம்பத்தையும் வைத்துப் பித்தளையில் பரிசோதித்துப் பார்த்தார். திருகாணியின் வாயில் முடி அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, அதை லேசாக உள்ளே அமுக்கிவிட்டால், அது கம்மலின் தண்டைக் கவ்விப் பிடித்தது. ஆனால் தங்கத்தில் செய்தபோது நாலு நாளில் பிடி தளர்ந்துவிட்டது. தங்கம் மிருது. பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது: தட்டி இழுத்து இறுகவைத்த பிறகு அதற்கு நெருப்பே காட்டக்கூடாது, சூடு பட்டால் மறுபடி இளகிவிடும். புதிதாக எடுத்த சின்னக் கம்மலில் பாரதி அதைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் வேலைக்குப் போய்வந்தாள். தானாக அது கழலவே இல்லை. ஜாஸ்மினுக்கும் ஒரு ஜோடி செய்து கொடுத்தார். விஷயம் முதலாளி காதுக்கும் போய், கடையில் விற்கிற கம்மல்களுக்கும் அதையே போடச் சொன்னார். முனிரத்தினத்துக்கு அதில் சந்தோஷம்தான்.

ஒரு ஞாயிறு, கூட்டத்தில், காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி, திருகாணி கழலாமல் இருக்க வழி உண்டா என்று கேட்டாள். பெரிய பெரிய கைகாரர்களெல்லாம் ஏதேதோ சொன்னார்கள். பசை வைக்கலாம் என்றார் ஒருவர். முனிரத்தினத்துக்கு உட்காரப் பொறுக்கவில்லை. கேமராவைப் போட்டார். திடீரென்று திரையில் தன் முகம் பெரிதாகத் தெரிந்ததும் பயந்து போனைக் கீழே சாய்த்து, கைகளை மட்டும் காட்டினார். கீறல் போடும் கோணம், அமுக்கும் அளவு, நெருப்பு கூடாது என்ற கடைசி விஷயம், எல்லாவற்றையும் இருபது நிமிஷத்தில் செய்து காட்டினார்.

முடித்த திருகாணியைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். பிறகு பூங்குழலி, "அண்ணா, நீங்க யாருங்ண்ணா? இத்தன நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"இங்கதாம்மா, ஆம்பூர்ல. மூணு வருஷமா இருக்கேன். பேர் முனிரத்தினம்," என்றார். ஐம்பது முகங்களும் சிரித்தன. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வீடியோவை வெளியே போடலாமா என்று பூங்குழலி கேட்டாள். கைகள்தானே தெரிகின்றன என்று சரி சொன்னார். ஒரு மாதத்தில் அது அவர் நினைத்துப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் போனது. அவரவர் பட்டறையில் செய்து பார்த்துப் படம் அனுப்பினார்கள். யாரோ அதற்கு 'ஆம்பூர்த் திருகாணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் இரண்டு நாள் நேரில் ஒன்றுகூடப் போகிறோம், நீங்கள் வந்து கற்றுத்தர வேண்டும், இங்கேயே தங்கி வேலை செய்வதென்றாலும் இடம் பார்த்துத் தருகிறோம் என்று பூங்குழலி போன் செய்தாள். பாரதி அதைக் கேட்டுவிட்டு, பரணிலிருந்து பழைய சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மேலே ஏறும் முன்பே முதலாளி அவரைக் கூப்பிட்டார். மேசையில் போன் இருந்தது. வீடியோ நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இடது கட்டைவிரலில் முனிரத்தினத்துக்கு ஒரு பழைய தீத்தழும்பு உண்டு. திரையில் அது தெளிவாகத் தெரிந்தது.

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. "உக்காரு முனி. இது யார் கை?"

"என்னுதுதாங்க."

"சரக்கு யாருது?"

"வூட்ல செஞ்சதுங்க. என் சம்சாரத்துக்காக."

"இந்தத் தொழில நீ எங்க உக்காந்து பழகின? என் பட்டறையில. அப்ப இது யாருது?" போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார். "உன்ன வேலைய விட்டு அனுப்ப மாட்டேன். பயப்படாத. வர்ற ஞாயித்துக்கிழம அதே கூட்டத்துல போய், இது எங்க கடையோடது, வேற யாரும் செய்யக்கூடாது, நான் கேக்காம காட்டிட்டேன்னு சொல்லிடு. அத்தோட அங்க போறத வுட்டுடு. நிசார் பாய் கூட இருப்பாரு."

"மாட்டேன்னா, முதலாளி?"

முதலாளி சிரித்தார். "வாணியம்பாடியிலேர்ந்து வேலூர் வரிக்கும் எந்தப் பட்டறையில உனக்கு எடம் கெடைக்கும்னு நீயே யோசிச்சுக்கோ."

யோசித்தார். அந்த வாரம் முழுக்க அதையேதான் யோசித்தார். அந்த வட்டாரத்தில் இருந்த பட்டறைகளில் பாதி முதலாளியின் சொந்தக்காரர்களுடையவை. மீதி அவரிடம் வேலை வாங்கிச் செய்கிறவை. நிஷா பன்னிரண்டாவது படிக்கிறாள். நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. பாரதியின் வேலை இங்கே. கோயம்புத்தூரில் தனக்குத் தெரிந்தது ஒரு குரலும் திரையில் ஒரு முகமும்தான். பஸ்ஸில் போகும்போது 'போய்விடலாம்' என்று தோன்றும். இறங்கி மாடிப்படி ஏறி, போனைத் தட்டில் போடும் நேரத்துக்குள் அந்த நினைப்பு எங்கேயோ போயிருக்கும்.

ஞாயிறு மதியம் நிசார் அஹமது குடியாத்தத்துக்கு வந்தார். பாரதி கொடுத்த டீயைத் தொடாமல், கேமராவில் தெரியாதபடி சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதலாளி எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டும்போது அவர் முகம் நிமிரவில்லை.

"என்ன தப்பா நெனைக்காத முனி. எனக்கே இது பேஜாரா இருக்கு."

"நீங்க இன்னா பண்ணுவீங்க பாய்."

மூன்று மணிக்கு முனிரத்தினம் இந்தத் தடவை முகம் தெரிய உட்கார்ந்தார். கையில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தார். இது கடையின் சொத்து, நான் அனுமதி இல்லாமல் காட்டினேன், தயவுசெய்து வீடியோவை எடுத்துவிடுங்கள், யாரும் செய்யாதீர்கள். படித்து முடிக்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அண்ணா," என்றாள் பூங்குழலி. "இத நீங்களா சொல்றீங்களா?"

அவர் சுவர்ப்பக்கம் பார்க்கவில்லை. "ஆமாம்மா."

"நாங்க ஏதும் பண்ணணுங்களா? சொல்லுங்ண்ணா."

"ஒண்ணும் வேணாம்மா. வீடியோவ எடுத்துட்டா போதும்."

அவள் எடுத்துவிடுகிறேன் என்றாள். அப்போது நாகர்கோவில்காரர் ஒருவர், கண்ணாடி போட்ட வயதான ஆசாரி, மெதுவாகச் சொன்னார்: "வீடியோவை எடுக்கலாம் தம்பி. ஆனா நான் இதுவரைக்கும் முப்பது பேருக்குச் செஞ்சு குடுத்தாச்சு. கண்ணால பார்த்ததை எப்படி மறக்க?"

நிசார் அஹமது எழுந்து வந்து போனைத் தானே அணைத்தார். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போனது. பாரதி அன்றைக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு முதலிலேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை, வேனுக்குப் போகும் முன், "உங்க மேல கோவம் இல்ல. யார் மேலன்னு தெரியல," என்றாள்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இதற்குள் ஊர் ஊராகப் போன பெயரைக் கேட்டு ஆம்பூர்த் திருகாணி வேண்டும் என்று பெண்கள் கடைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். அவர் முனிரத்தினத்தை மற்ற வேலையிலிருந்தெல்லாம் எடுத்து, இனி நீ திருகாணி மட்டும் செய் என்று சொல்லிவிட்டார். ஜிமிக்கி இல்லை, அட்டிகை இல்லை, கல் வைப்பது இல்லை. காலை ஒன்பதரையிலிருந்து சாயந்திரம் ஏழுவரை கீறல், அமுக்கல், கீறல், அமுக்கல். கண் எரியும்போது நிமிர்ந்து பார்ப்பார். எதிரே கேமரா இருக்கும். மற்றவர்களின் பலகையில் இருக்கும் பாதி முடிந்த நகைகளை அவர் பார்க்கும் பார்வையைக் கண்டு, பக்கத்துப் பலகை ஜெயசீலன் ஒருநாள் தான் செய்துகொண்டிருந்த ஒட்டியாணத்தை அவர் பக்கம் நகர்த்தி, "கொஞ்ச நேரம் நீங்க செய்ங்கண்ணா," என்றான். கீழேயிருந்து நிசார் மணி அடித்தார். ஒட்டியாணம் திரும்ப நகர்ந்தது.

பூங்குழலி அவ்வப்போது போன் செய்தாள். முதலில் எடுக்காமல் இருந்தார். பிறகு ஒருநாள் எடுத்து, மகள் பரீட்சை முடியட்டும் என்றார். பரீட்சை முடிந்தது. நிஷா வேலூரில் காலேஜில் சேர்ந்தாள். அவள் படிப்பு முடியட்டும் என்றார். பூங்குழலி, "இடம் அப்படியேதான் இருக்குங்ண்ணா," என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் அவரை ஆறுதல்படுத்தவில்லை. போக முடியாததற்கு இனி தான் மட்டுமே காரணம் என்பதுபோல் இருந்தது.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் போனது. ஏசி நின்றது. நிசார் அஹமது தொழுகைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை கதவு திறக்காது. ஆறு பேரும் பலகையை விட்டு எழுந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்ததால் அறை அரை இருட்டாக இருந்தது.

"அண்ணா, அந்த ஞாயித்துக்கிழம கூட்டத்துல அப்படி இன்னாதான் பேசுவீங்க?" என்று ஜெயசீலன் கேட்டான். இத்தனை நாளில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

முனிரத்தினம் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பேசுறது இருக்கட்டும். அவங்கெல்லாம் ஜன்னல் ஓரமா உக்காந்து வேல செய்வாங்கடா. ஒருத்தருக்குப் பின்னாடி தென்ன மரம் தெரியும். ஒரு பொண்ணுக்குப் பின்னாடி ரயில் போகும். ரயில் போற வரிக்கும் எல்லாரும் பேச்ச நிறுத்திட்டு உக்காந்திருப்போம். அப்புறம் அவளே, போய்டுச்சு, சொல்லுங்கன்னு சொல்லுவா."

"அப்புறம்?"

"அப்புறம் வுட்ட எடத்துலேர்ந்து பேசுவோம்."

வேறு ஒருவன் செம்பில் வண்ணக் கண்ணாடிப்பொடியை உருக்கி ஒட்டும் மீனாகாரி வேலை பற்றிக் கேட்டான். கூட்டத்தில் இருந்த தாசில்தார் செம்பை எரித்துக் கெடுத்த கதையை முனிரத்தினம் சொன்னார். ஐந்து பேரும் கால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் அந்த அறையில் இவ்வளவு நேரம் ஒலித்ததே இல்லை. கதையின் நடுவில் கரண்ட் வந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒவ்வொருவராக எழுந்து பொத்தானைப் போட்டுக்கொண்டு அவரவர் பலகைக்குப் போனார்கள். முனிரத்தினம் ரம்பத்தை எடுத்து, மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று ஜெயசீலனிடம் மெதுவாகச் சொன்னார்.