நீலம் நின்றதா?

ஆற்று வெள்ளம் சைதாப்பேட்டைக்குள் புகுந்து என் பழைய பாய்லரைக் கொண்டுபோனதே, அதற்கு மறு வருஷம். அப்போது அடையாறில் கடை போட்டிருந்தேன். ஒல்லியாய் ஓர் ஆராய்ச்சி மாணவர் டீ குடிக்க வருவார். கிளாஸை வெயிலில் தூக்கி நிறம் பார்க்காமல் வாய் வைக்க மாட்டார்.

“டீல இன்னா பூச்சியா கீது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பழக்கம் தாத்தா. கரன்ட் குடுத்தா பல்பு மாதிரி நீலமா எரியிற ஒரு பிளாஸ்டிக் செய்றேன். சூடு காட்டினாத்தான் நல்லா எரியுது. ஆனா சூட்டுல காத்து பட்டா பச்சையாயிடுது. நீலம் நிக்கலன்னா என் படிப்பே போச்சு.”

“சொட்டு நீலம் ஊத்திப் பாரேன் நைனா.”

அவர் சிரித்ததில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. அந்தக் கறையையும் வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் வரவேயில்லை.

வேட்டிக்கு நீலம் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். எங்காவது அவரைப் பார்த்தால், நீலம் நின்றதா என்று டீக்கடைக்காரன் கேட்டதாகச் சொல்லுங்கள்.