உருகிய சாக்லேட்டும் சீல் வைக்கச் சொன்ன செயலாளரும்

1. புகார்

"கடையை உடனே சீல் வைக்கவும்" என்று முடிந்தது அந்தப் புகார். தாம்பரம் பக்கம் உணவு பாதுகாப்பு அலுவலராக நான் வேலை பார்த்த கடைசிக் கோடையில் வந்தது. அனுப்பியவர் செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் செயலாளர், வெங்கடேசன். எதிரிலுள்ள கடைக்காரர் யூசுப் பாய், பாம் ஆயில் இல்லாத சாக்லேட் என்று சொல்லி பாம் ஆயில் சாக்லேட்டைத் தலையில் கட்டப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு.

சாக்லேட்டில் பாம் ஆயில் இருந்தாலே குற்றமாகிவிடாது. அதை உறையில் மறைப்பதும், இல்லை என்று பொய் சொல்வதும்தான் குற்றம். சீல் வைப்பதற்கு முன்னால் ஆய்வு, மாதிரி எடுப்பது, ஆய்வக அறிக்கை, நோட்டீஸ் என்று ஒரு வரிசை உண்டு. அசோசியேஷன்கள் அந்த வரிசையைக் கடைசியிலிருந்துதான் படிக்கும்.

2. பாய் கடை

குடியிருப்பின் ஆண்டு விழாவில் குழந்தைகளுக்குக் கொடுக்க பாம் ஆயில் இல்லாத சாக்லேட் வேண்டும் என்று கேட்டதே செயலாளர்தான். பாய் அலைந்து, நல்ல சரக்காகப் பார்த்து வாங்கி வந்தார். சாம்பிள் கொடுத்த மறுநாளே ஆர்டர் ரத்து. அதோடு விடவில்லை. குடியிருப்பின் வாட்ஸப் குரூப்பில் கடையின் போட்டோவைப் போட்டு 'கலப்படம்' என்று எழுதியிருந்தார்கள். அதன்பின் பால் பாக்கெட் வாங்கக்கூட அங்கிருந்து யாரும் வரவில்லை.

"கம்பெனிக்காரன் என்னை ஏமாத்திட்டானா சார்? நானே தின்னு பார்த்தேன், நல்லாத்தான் கீது," என்றார் பாய்.

உறையைத் திருப்பினேன். சர்க்கரை, கோகோ, கோகோ பட்டர், பால் பவுடர். வேறு கொழுப்பு எதுவும் இல்லை.

"சரக்குல குறை இல்ல பாய். எதை வச்சு கலப்படம்னாங்க?"

"டெஸ்ட் பண்ணாங்களாம் சார்."

3. கிளப் ஹவுஸ் ஆய்வகம்

வெங்கடேசன் என்னை கிளப் ஹவுஸுக்கு அழைத்துப் போனார். பாயும் பின்னால் வந்தார்.

"நாங்க ரொம்ப ஃபேரா பண்ணோம் சார். ரெண்டு தட்டு. ஒண்ணுல பாய் கொடுத்தது, இன்னொண்ணுல ஹோம் மேட். ஏசிய ஆஃப் பண்ணிட்டு மத்தியானம் பூரா வச்சோம். பாயோடது கொழகொழன்னு ஆயிடுச்சு. ஹோம் மேட் அப்படியே நின்னுது. எண்ணெய் இருந்தாத்தானே சார் உருகும்? சிம்பிள் லாஜிக்."

உருகியதைத் தடயமாக ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருந்தார். மேலே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "பார்த்தீங்களா? பாம் ஆயில் வெளிய வந்துடுச்சு," என்றார்.

மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், எது நல்ல சாக்லேட்டோ அதுதான் முதலில் உருகும். கோகோ பட்டரின் குணம் அது. வாயில் போட்டால் கரைவதும் அதனால்தான். உருகி மறுபடி இறுகினால் அந்த வெண்மை படியும். அதுவும் கோகோ பட்டர்தான். நம் ஊர் வெயிலுக்கு அசையாமல் நிற்கவேண்டும் என்றே கோகோ பட்டரை எடுத்துவிட்டு வேறு கொழுப்பைச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் அது பாம் கொழுப்பு. தேர்வு சரியாகத்தான் நடந்திருக்கிறது, பாஸையும் ஃபெயிலையும்தான் மாற்றிப் போட்டுவிட்டார்கள். இதைச் சொன்னதும் செயலாளர் ஏசியைப் போட்டார்.

"அந்த ஹோம் மேட் யார் செஞ்சது?" என்றேன்.

"என் வைஃப்தான் சார். ஆர்டர் இப்ப அவங்களுக்குத்தான்."

4. ஹோம் மேட்

வெங்கடேசனின் மனைவி மாலதி தானே ஒரு டப்பாவோடு வந்தார். ஒவ்வொரு சாக்லேட்டிலும் பளபளவென்று ஸ்டிக்கர்: 'பாம் ஆயில் இல்லை'.

"ஒரு சொட்டு எண்ணெய் தொடறதில்ல சார். கடைல விக்கற சாக்லேட் ஸ்லாப்ப உருக்கி மோல்டுல ஊத்தறேன். அவ்ளோதான்."

"ஸ்லாபோட கவர் இருக்காம்மா?"

இருந்தது. 'காம்பவுண்ட்' என்று போட்ட சாக்லேட் கட்டி, செங்கல் அளவு. பின்பக்கத்தில் சர்க்கரைக்கு அடுத்த பெயரே ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட், பாம் கெர்னல்; அதாவது எண்ணெய்ப்பனைக் கொட்டையின் கொழுப்பு. மாலதி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"நீங்கதானே இத வாங்கிட்டு வந்தீங்க?"

வெங்கடேசன் ஏசி ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்கறதுக்குப் பதிவுச் சான்று வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன். வாங்கவில்லை. பதிவு இல்லாமல் ஆர்டர் பிடித்தது ஒன்று, ஸ்டிக்கரில் இருக்கும் பொய் இன்னொன்று. புகாரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"சீல் வைக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. எந்தக் கதவுக்குன்னு சொல்லிட்டா எனக்குச் சௌகரியம்."

பாய் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

யாருக்கும் சீல் வைக்கவில்லை. வைக்க வழியும் இல்லை. ஸ்டிக்கரைக் கிழிக்கவும், பதிவு வாங்கும்வரை விற்காமல் இருக்கவும் மாலதிக்கு எழுதிக் கொடுத்தேன். பாய்மேல் வந்த புகாரை முகாந்திரமில்லை என்று முடித்தேன்.

"பாய், பழைய ஆர்டரையே கன்ஃபர்ம் பண்ணிடலாம்," என்றார் செயலாளர், பெரிய மனது செய்வதுபோல.

"ஆர்டர் அப்புறம் சார். கலப்படம்னு எந்த குரூப்ல போட்டீங்களோ, அதுலயே இல்லைன்னு போடுங்க. என் கண்ணு முன்னால போடுங்க."

'சிறு தவறான புரிதல்' என்று தட்டினார் வெங்கடேசன். பாய் எட்டிப் பார்த்தார். "சிறு வேணாம் சார்." அந்தச் சொல் நீங்கிய பிறகுதான் பாய் கடைக்குக் கிளம்பினார். மாலையில் பால் பாக்கெட்டுக்கு ஆள் வந்ததாம்.

5. பாடம்

சாக்லேட் வாங்கும்போது முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். அங்கே எழுதுபவர் விளம்பரக்காரர். பின்பக்கத்தில் பொருள்களின் பெயர் இருக்கும். கொழுப்பென்று கோகோ பட்டர் மட்டும் இருந்தால் எடுங்கள். வெஜிடபிள் ஃபேட் என்றோ பாம் என்றோ இருந்தால், வேண்டாம் என்பவர்கள் வைத்துவிடுங்கள். ஹோம் மேட் என்றால் எதை உருக்கினார்கள் என்று கேளுங்கள்.

ஆண்டு விழாவில் பாயின் சாக்லேட்டையே கொடுத்தார்கள். மறுவாரம் அதே செயலாளரிடமிருந்து இன்னொரு புகார்: சாக்லேட் உருகிக் குழந்தைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் கறை, நடவடிக்கை தேவை. விதிப்படி எல்லாப் புகாருக்கும் பதில் எழுதவேண்டும். எழுதினேன்: "சரக்கு சரியானது. சீக்கிரம் சாப்பிடவும்."